யாருடைய கூடை

ஆக்ரன், ஒஹாயோ
9 அக்டோபர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரோலண்டின் ரத்தக்கொதிப்பு வழக்கம்போல அவர் பேச்சையும் கேட்பதில்லை, டாக்டர் பேச்சையும் கேட்பதில்லை. மற்றபடி நலம். நீயும் டெலியா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் ரப்பர் உடையின் கிழிசலை ஒட்டியாயிற்றா?

அந்தக் கிழிசலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "உள்ள தண்ணி வந்துடுச்சு, நான் கரைக்குப் போறேன், நீயும் வா" என்று நீ கத்தியதும் நான் செவிடு மாதிரி நின்றேனே, அப்படி நின்றதால்தான் எனக்கு அந்தக் கூடை கிடைத்தது. கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீர் மேல் வைத்துக் குனிந்தால், கடற்புல்லுக்கு நடுவில் விசிறிச்சிப்பிகள் வாய் திறந்து கிடந்தன. உதட்டோரம் வரிசையாக அந்த நீலக் கண்கள். வலைக்கோலை நீட்டுவேன், அள்ளுவேன், கூடையில் போடுவேன். எங்கள் தொழிற்சாலையிலிருந்து நான் உனக்குக் கொண்டுவந்த டயர் ட்யூபுக்குள் கூடை மிதந்துகொண்டு, நாய்க்குட்டி மாதிரி என் பின்னாலேயே வந்தது. சின்னது ஒன்றைக்கூடத் தொடவில்லை, அண்ணா. உள்ளங்கை நிறைய வருகிற பெரியதாகப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

கரையேறியதும் நடந்ததை நீ பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பப் போயிருந்தாய். ஓர் ஆள் வந்து, "கரையிலேர்ந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டான். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்திலிருந்து வந்தவளா என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது கேட்கிற கேள்வி. கூடையைத் தூக்கிக் காட்டினேன். "அம்மாடி" என்றான். அவ்வளவுதான்.

அண்ணி எடுத்த படத்தில் ஒன்று எனக்கு அனுப்பச் சொல். சிப்பியை உடைத்துச் சமைத்தீர்களா? ருசி எப்படி? அடுத்த தடவை இந்தப் பக்கம் யாராவது வந்தால் ஐஸில் வைத்துக் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
கெசியா


நாண்டக்கெட்
12 அக்டோபர் 1973

லோரிங்குக்கு,

உன் மகளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

சிப்பிக் காவலர் என்ற முறையில் நீ கேட்ட விளக்கத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அதை ஊர்ச் சிப்பிக் குழுவிடம் கொடு. இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

மூன்றாம் தேதி பிற்பகல் என் தங்கையைப் படகேற்றிவிட்டுத் திரும்பும்போது நீ வண்டியை நிறுத்தினாய். கூடையைக் கொட்டினாய். பாதிக்கு மேல் ஓட்டின் முதுகில் வருஷ வளையம் இல்லாதவை. இந்த வருஷம் கோடை நீண்டதால் குஞ்சுகளே பெரிய சிப்பி அளவுக்கு ஊதிவிட்டன. அளவு எப்படியிருந்தாலும், வளையம் விழாத சிப்பி இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாத சிப்பி. அதைத் தொடக்கூடாது.

"யார் கூடை அண்ணே?" என்று கேட்டாய்.

"என்னோடது."

"உங்களுக்கா வளையம் தெரியல? வேற ஆளுகிட்ட சொல்லுங்க."

"என்னோடதுன்னு சொல்லிட்டேன் லோரிங். எழுதிக்க."

இரண்டு பேரும் சேர்ந்து போல்பிஸ் கழியில் அத்தனையையும் திரும்ப விட்டோம். அப்போதும் நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

குஞ்சு எடுத்தவனுக்கு ஒரு வருஷம் பெர்மிட் கிடையாது என்ற விதியைக் குழுவில் முன்மொழிந்தவன் நான். "தடவிப் பார்க்கப் பொறுமை இல்லாதவன் தண்ணியில எறங்க வேணாம்" என்று மேசையைத் தட்டியவனும் நான்தான். அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். குழுவிலிருந்தும் விலகுகிறேன்.

என் தங்கை பெயர் எங்கும் வரக்கூடாது. ரோலண்டைக் கட்டிக்கொண்டு ஒஹாயோ போனதிலிருந்து அவளை இங்கே எல்லோரும் கரைக்காரி என்கிறார்கள். அவளுக்கு அது எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் படகேறும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரியும். கூடையில் இருந்தது என்னவென்று தெரிந்தால் அவள் மறுபடி இந்தத் தீவில் கால் வைக்கமாட்டாள். எனக்கு அவள் வர வேண்டும்.

இதற்கு மேல் நீ எதையும் யூகிக்க வேண்டியதில்லை.

ஓபெட்


நாண்டக்கெட்
4 நவம்பர் 1973

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதம். குளிர் வருவதற்குள் ஊரில் எல்லோருடைய குழாயும் ஒரே நேரத்தில் கசிகிறது. ரோலண்டை உப்பைக் குறைக்கச் சொல். அண்ணிக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீ சிப்பியைப் பற்றிக் கேட்டாய். உன் கூடையில் இருந்ததில் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. அந்த மாதிரிக் கூடையை இதுவரை பார்த்ததில்லை என்று லோரிங்கே சொன்னான்.

இந்த வருஷம் நான் மறுபடி சிப்பி அள்ள இறங்கப் போவதில்லை. முதுகு இருக்கிறது.

படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறாய்.

அன்புடன்,
ஓபெட்


ஆக்ரன்
18 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுக்கு என்ன? "முதுகு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எல்லோருக்கும்தான் முதுகு இருக்கிறது. டாக்டரிடம் போனாயா?

படத்தைக் கணக்குப் பிரிவில் என் மேசைக்கு மேல் மாட்டிவிட்டேன். பக்கத்து மேசை வில்மா, "இதென்ன, வெங்காயமா?" என்று கேட்டாள். வெங்காயமாம்! உட்கார வைத்து முழுக்கதையும் சொன்னேன். மதியச் சாப்பாட்டில் மற்றவர்களும் கேட்டார்கள், மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது வில்மா, "மொதத் தடவ தண்ணி இடுப்பளவுதானே இருந்துச்சு, இப்போ கழுத்துக்கு வந்துடுச்சே" என்றாள். பொறாமை. இந்த ஊரில் குளத்தில் கெளுத்தி பிடித்துவிட்டு மீனவன் என்கிறார்கள்.

லோரிங் அப்படியா சொன்னான்? பள்ளிக்கூடத்தில் என் பின்னலை மைக்கூட்டில் முக்கியவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை! அதை வில்மாவிடம் நான்காவது தடவையாகச் சொல்லப் போகிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, அங்கே போனால் விருந்தாளி, இங்கே இருந்தால் தீவுக்காரி என்று இருந்தேன். இப்போது அப்படி இல்லை. அவ்வளவுதான் எழுத வந்தேன்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உடனே பதில் போடு.

கெசியா


ஆக்ரன்
9 டிசம்பர் 1973

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அண்ணன் பதில் போடவில்லை. முதுகு என்று ஒரு வரி எழுதினார், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்து வயதில் கை உடைந்தபோதும், அக்டோபர் முழுவதும் தண்ணீரில் இறங்காமல் இருந்ததில்லை அவர். பிளாஸ்டர் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். அம்மா கரையில் நின்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணி, அவருக்கு என்ன வியாதி? என்னிடம் மறைக்காதீர்கள். ரோலண்டின் அண்ணனும் இப்படித்தான் முதுகு முதுகு என்றார். முதுகு இல்லை அது. நான் சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகிறது.

கெசியா


நாண்டக்கெட்
14 டிசம்பர் 1973

அன்புள்ள கெசியாவுக்கு,

ஓபெட்டுக்கு எந்த வியாதியும் இல்லை. முதுகு இரும்பு மாதிரி இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ தூங்கு.

இனிமேல் எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுதுவேன் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. உனக்கு அவரைத் தெரியும். பொய் சொல்லமாட்டார், சொல்லாமல் விட்டுவிடுவார். அவர் உனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படி. ஒவ்வொரு வரியும் நிஜம்.

உன் கூடையில் பாதிக்கு மேல் குஞ்சு, கெசியா. பெரியதாகப் பார்த்து எடுத்தாய். இந்த வருஷம் பெரியவைதான் குஞ்சாக இருந்தன. நீ படகேறி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, லோரிங் வண்டியை நிறுத்திவிட்டான். கூடை தன்னுடையது என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பெர்மிட் இல்லை. குழுவிலும் இப்போது இல்லை.

தபாலாபீஸில் நேற்று ஒருவன், "என்ன ஓபெட், கண்ணாடி மாத்தணுமா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். இவர் தபால்தலை வாங்கினார், சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டார், வந்துவிட்டார். வண்டியில் நான் அழுதேன். "எதுக்கு அழற? அவ சிரிச்சுக்கிட்டே போனா. அது போதும்" என்றார்.

எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு இல்லை. ஆனால் அவர் தனியாகச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ வராமல் இருந்துவிடாதே. அப்படி நடந்தால் அவர் செய்ததெல்லாம் வீண்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அண்ணி,
டெலியா


ஆக்ரன்
17 டிசம்பர் 1973

லோரிங்குக்கு,

நலமா? மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன், இப்போது தேவலை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் மூன்றாம் தேதி என் அண்ணன் வண்டியில் நீ பார்த்த கூடை என்னுடையது. ஒவ்வொரு சிப்பியையும் அள்ளியது இந்தக் கை. அவர் அந்த நேரத்தில் தண்ணீரிலேயே இல்லை. பெயரை மாற்றி எழுது. அவர் பெர்மிட்டைத் திருப்பிக் கொடு. என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடு. ஊர் முழுக்கச் சொல். தபாலாபீஸ் வாசலில் ஒட்டினாலும் சரி.

என் மேசைக்கு மேலிருந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பாதிக்கு மேல் முதுகு வழவழவென்று இருக்கிறது. படத்திலேயே தெரிகிறது, லோரிங். எனக்குத்தான் தெரியவில்லை.

கெசியா


நாண்டக்கெட்
21 டிசம்பர் 1973

கெசியாவுக்கு,

மகள் நலம். விசாரித்ததற்கு நன்றி.

கூடை தன்னுடையது என்று உங்கள் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது நீங்கள் உங்களுடையது என்கிறீர்கள். குஞ்சுக் கூடையோடு பிடிபட்டவர்கள் எல்லோரும், "என்னோடது இல்ல, மச்சானோடது" என்றுதான் சொல்வார்கள். ஒரே கூடைக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

பெயரை மாற்ற முடியாது. மாற்றினால் ஓபெட் அண்ணன் பொய் எழுதினார் என்று நான் எழுத வேண்டும். அதை என் கையால் எழுதமாட்டேன். அவரும் சம்மதிக்கமாட்டார். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இங்கே வடகிழக்குக் காற்று ஓய்ந்தபாடில்லை. கழிக்கரை நெடுக, புல்லோடு சேர்ந்து குஞ்சுகள் ஒதுங்கிக் குவிந்து கிடக்கின்றன. உறைபனி பிடித்தால் அத்தனையும் சாகும். ஊரே வாளியோடு போய்ப் பொறுக்கித் திரும்பத் தண்ணீரில் விடுகிறது. அள்ள அள்ள மறுநாள் காற்று மறுபடி கொண்டுவந்து போடுகிறது. உங்கள் அண்ணன் தினமும் வருகிறார். உங்கள் டயர் ட்யூபில் கூடையைக் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிறார்.

இதற்குப் பெர்மிட் வேண்டாம். கை இருந்தால் போதும்.

மைக்கூடு விஷயத்துக்கு இப்போதாவது மன்னிக்கவும்.

லோரிங்


ஆக்ரன்
7 ஜனவரி 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

ரோலண்ட் சுகம். நான் இல்லாத நாட்களில் உப்பை ஒரு பிடி பிடித்திருக்கிறார் என்று ஜாடியைப் பார்த்தாலே தெரிகிறது. என் விரல்கள் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் மடங்குகின்றன.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியதற்கு ரோலண்டிடம் என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. பெட்ரோல் கிடைக்கவில்லை, பஸ்ஸில் வந்தேன், படகு ஆடிய ஆட்டத்தில் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. நேராகக் கழிக்கரைக்கு வந்தேன். நீ தண்ணீரில் நின்றுகொண்டு, "இங்க என்னடி பண்ற?" என்றாய்.

"குளிர் காய வந்தேன்" என்றேன்.

"பைத்தியம். கையுறை எங்க?"

"படகுல விட்டுட்டேன்."

உன்னுடையதில் ஒன்றைக் கழற்றி எறிந்தாய். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு கையுறை. வேறெதுவும் நீ கேட்கவில்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் குனிந்திருந்த அம்மாள், "எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். நான் வாளியை நிரப்பிக்கொண்டே இருந்தேன். சொல்ல மனமில்லாமல் இல்லை. கையில் வேலை இருந்தது. ஐந்து நாள் அங்கே இருந்தேன். ஐந்தாம் நாள் அதே அம்மாள் தன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள், ஊர் பெயரைக் கேட்கவில்லை.

தண்ணீரில் விடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் முதுகையும் கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்று, ஒரு தடை இல்லாமல் விரல் போனது. செத்து ஒதுங்கிய பழைய ஓடு ஒன்றையும் தடவிப் பார்த்தேன். நடுவில் மேடாக, மோதிரம் மாதிரி நின்றது. பிறகு மறுபடி குஞ்சு. மறுபடி ஓடு. நீ தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நிமிர்ந்ததும், "இந்த வருஷம் கடற்காகம் ஜாஸ்தி" என்றாய்.

ஆமாம் அண்ணா. ஜாஸ்திதான்.

உன் முதுகைப் பற்றி நான் கேட்கவில்லை. அது இரண்டு வாளியை ஒரே கையில் தூக்குவதைப் பார்த்தேன். நல்ல முதுகு.

கெசியா


நாண்டக்கெட்
15 செப்டம்பர் 1974

அன்புத் தங்கைக்கு,

அண்ணியும் நானும் நலம். ரோலண்டின் புது மருந்து வேலை செய்வது கேட்டு மகிழ்ச்சி.

அக்டோபர் நாலாம் தேதி எனக்குப் புதுப் பெர்மிட் கிடைக்கும். முதுகு சரியாகிவிட்டது. மார்ச்சிலிருந்து நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் வருகிறேன் என்று எழுதவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

உன் அளவுக்கு ரப்பர் உடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணிக்கு அது பெரிது. வேறு யாருக்கும் பொருந்தாது.

ஓபெட்


நாண்டக்கெட்
13 அக்டோபர் 1974

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். ரோலண்டிடம் என் விசாரிப்பைச் சொல். உன் தொண்டை கட்டியிருந்தது, தேன் குடி.

நீ படகேறிய பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். வழக்கமாக நான் நீளமாக எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

நீ தண்ணீரில் இருந்த நேரம் முழுவதும் நான் உன் பக்கம் வரவில்லை. நீ ஒவ்வொன்றையும் எடுத்து, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பாதியைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒருதரம் உள்ளங்கை நிறைந்த ஒரு சிப்பியை வெகு நேரம் வைத்திருந்தாய். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது மாதிரிப் புல்லில் வைத்தாய். நான் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். காற்று கண்ணில் அடித்தது.

படகுத்துறையிலிருந்து திரும்பும்போது அதே வளைவில் லோரிங் கை காட்டினான். பெட்ரோல் பங்க் வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். தபாலாபீஸில் என் கண்ணாடியைப் பற்றிக் கேட்டவனும் இருந்தான்.

லோரிங் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "யார் கூடை அண்ணே?"

போன வருஷமும் இதே வார்த்தை. பதிலை நான் ஒரு வருஷமாக வைத்திருந்தேன்.

"என் தங்கச்சி கெசியாவோடது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "கீழ கொட்டு. ஒண்ணு விடாம பாரு. எனக்கு அவசரம் இல்ல."

தார்ப்பாய் விரித்துக் கொட்டினான். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினான். மற்றவர்களும் வந்து நின்றார்கள். கண்ணாடிக்காரன் குனிந்து தானும் சிலவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கடைசிச் சிப்பி வரைக்கும் வளையம்.

கண்ணாடிக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "யாரு, அந்தக் கரைக்காரியா?"

லோரிங் நிமிரவேயில்லை. சிப்பிகளைக் கூடைக்குள் அடுக்கிக்கொண்டே, "எந்தக் கரைக்காரி? என்கூடப் படிச்சவ. இந்த ஊரு" என்றான்.

கூடையைத் தானே தூக்கி வண்டியில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து உடைத்தோம். முதலாவதை அண்ணி பச்சையாகவே தின்றாள். மீதியை ஐஸில் வைத்து, கிளீவ்லாந்து போகிற லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள் உன் வாசலுக்கு வரும். வெண்ணெயில் இரண்டு புரட்டு, அதற்கு மேல் வேண்டாம். வில்மாவுக்கும் கொடு. வெங்காயம் இல்லை என்று சொல்.

அண்ணி எடுத்த படம் இதனுடன் இருக்கிறது. பழைய படத்தை நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன்.

போன வருஷத்துக் கூடை நிரம்பி வழிந்தது. இந்த வருஷத்தது விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. நம் குடும்பத்தில் இதைவிட நல்ல கூடை கரையேறியதில்லை.

உன் அண்ணன்,
ஓபெட்